ஒயரை இழுத்த கால்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஊரே கறிக்கடை வாசலில் நின்றுகொண்டிருக்க, பாரி வீட்டில் மட்டும் பீரோவைத் திறந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவள் ரமாபாய், பாரியின் மனைவி, அவன் தங்கை மகிழினிக்கு அண்ணி. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்கியிருக்கிறாள், பாவம். கல்யாணச் சங்கிலியைக்கூட இப்படிக் காவல் காத்ததில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

"இந்தா, எதிராளி சொத்து. வச்சது வச்ச மாதிரியே கீது, பாத்துக்கோ."

பாரி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒயர் இல்லாத ஜாய்ஸ்டிக். சார்ஜ் ஏற்றுகிற ஓட்டையை மூடி ஒரு வெள்ளை பிளாஸ்திரி, அதன் மேல் எதிராளி ஜெஸ்வின் பேனாவால் போட்ட கையெழுத்து. ஒரு கோடும் கலையவில்லை. இதே மாதிரி பாரி கையெழுத்துப் போட்ட மகிழினியின் ஜாய்ஸ்டிக், நேற்று சாயங்காலம் முதல் ராயபுரத்தில் ஜெஸ்வின் வீட்டில் இருந்தது. அவரவர் ஆடப்போகும் சாமான் எதிராளி வீட்டில் இருந்து வர வேண்டும், வரும்போது பிளாஸ்திரி பிரியாமல் இருக்க வேண்டும்.

இது பாரி கொண்டுவந்த சட்டம். ஒரு காலத்தில் வியாசர்பாடிக்காக ரிங்கில் ஏறிக் குத்தியவன் அவன். குத்துச்சண்டையில் கைக்குத் துணி சுற்றும்போது எதிர்த்தரப்பு ஆள் ஒருவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். உள்ளே எதையும் வைத்துச் சுற்றவில்லை என்று நிச்சயமானதும் பிளாஸ்திரி மேல் கையெழுத்துப் போடுவான். அதற்கப்புறம் யாரும் பிரிக்கக் கூடாது.

வீடியோ கேமுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். போன ஞாயிறு நடந்த கூத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ராயபுரத்தில் அத்தாவுல்லா பாயின் கேம் கடையில் இறுதிப் போட்டி. சண்டை கேம். ஈட்டிக்காரியை வைத்து மகிழினி ஆட, மல்யுத்தக்காரனை வைத்து ஜெஸ்வின் ஆடினான். கடைசி ரவுண்டில் இரண்டு பேருக்கும் உயிர் நூலிழைதான் மிச்சம். அடுத்த அடி யாருடையதோ கோப்பை அவருக்கு. அந்த நேரம் பார்த்து மகிழினியின் ஜாய்ஸ்டிக் ஒயர் கேம் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. டி.வி.யில் ஈட்டிக்காரி அசையாமல் நின்றாள். யாரோ காலால் ஒயரை இழுத்துவிட்டார்கள். மேஜைக்கடியில் பக்கத்தில் இருந்த கால் ஜெஸ்வினுடையது.

சாதாரண எதிராளியாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவனைத்தான் மகிழினி கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளே! அவனோ ராயபுரம் கல்மண்டபத்தில் வீடும் மொத்த வியாபாரமும் வைத்திருக்கும் ராசையாவின் பிள்ளை. தெற்கே இருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஜெஸ்வினின் அம்மா சுகிர்தம் ஒருமுறை வியாசர்பாடிக்கு வந்து, வாசலிலேயே நின்று, ரமாபாய் நீட்டிய தண்ணீரை வாங்காமல் திரும்பிப் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரியும் மறக்கவில்லை.

பாய் அந்த ஆட்டம் செல்லாது என்று சொல்லி மறு ஆட்டம் வைத்தார். இனிமேல் ஒயரே வேண்டாம், பாய் கடையின் ஒயர்லெஸ் ஜாய்ஸ்டிக்கிலேயே ஆடலாம் என்று யோசனை சொன்னவன் ஜெஸ்வின். அதைக் கேட்டதிலிருந்து பாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒயரு இருந்தா எவன் காலுன்னு குனிஞ்சு பாக்கலாம். ஒயரே இல்லாங்காட்டி எங்க குனிஞ்சு பாப்ப?"

இன்றைய ஆட்டம் சுத்தமாக முடிந்தால் தானே தட்டோடு ராயபுரம் போய்ப் பெண் கொடுக்கப் பேசுவதாகவும், இன்னொரு தில்லுமுல்லு நடந்தால் ஜெஸ்வின் பெயரையே இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றும் அவன் சொல்லிவிட்டான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் பாரி பேச்சுதான் கடைசிப் பேச்சு.

மகிழினிக்கு அண்ணன் மேல் கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் அவளுக்கே ஒரு சந்தேகம் கிடந்து அரித்தது. ஜெஸ்வின் ஏன் ஒயர்லெஸ் கேட்டான்? அவன் வீட்டில் வைத்திருப்பதும் அதுதான், அவனுக்குப் பழக்கம். அவளுக்கோ ஒயர்தான் பழக்கம். வாரமெல்லாம் பாய் கடையில் ஒயர்லெஸ்ஸில் ஆடிப் பார்த்தாள். பட்டனை அழுத்தினால் ஈட்டி கிளம்ப ஒரு துளி தாமதம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, ஆடுகிற விரலுக்குத் தெரியும். இது தெரிந்துதான் கேட்டானா?

போன வாரத்தை நினைத்தால் இன்னொரு குழப்பமும் வந்தது. ஒயர் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னாலேயே ஈட்டி நின்றுவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. ஒயர் முதலிலேயே லூசாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

ரமாபாய் வீட்டில் சமையலைப் பார்த்துக்கொள்ள, அண்ணனும் தங்கையும் ஷேர் ஆட்டோவில் கிளம்பினார்கள். ஜாய்ஸ்டிக் வைத்த மஞ்சள் பையை பாரி மடியிலேயே வைத்துக்கொண்டான்.

பாய் கடை மாடியில் இருந்தது. படிக்கட்டில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சர்ச் முடிந்து நேராக வந்த கூட்டம் ஒரு பக்கம், வியாசர்பாடிப் பையன்கள் ஒரு பக்கம். பின்னால் பெஞ்சில் சுகிர்தம் முக்காடு போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மகிழினி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஜெஸ்வின் இளைத்திருந்தான். "மகி" என்று ஏதோ சொல்ல வந்தவன், பாரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். சாமான்கள் கைமாறின. ஜெஸ்வினின் பிளாஸ்திரி அப்படியே இருப்பதைப் பாய் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகு மகிழினியின் ஜாய்ஸ்டிக். பாரி அதைக் கையில் வாங்கினான். தன் கையெழுத்தை அவனுக்குத் தெரியாதா? பிளாஸ்திரியைத் தாண்டி ஜாய்ஸ்டிக் மேல் வால் இழுத்து முடித்த கோடு இப்போது விலகி நின்றது. பிளாஸ்திரியைத் தூக்கி, மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

அவன் அதை யாருக்கும் காட்டாமல் தங்கையிடம் நீட்டி, ஆன் செய்து பார்க்கச் சொன்னான்.

மகிழினி நடு பட்டனை அழுத்தினாள். நாலு சிவப்பு விளக்கும் மினுக்கின. மினுக்கிக்கொண்டே இருந்தன. ஜெஸ்வினின் ஜாய்ஸ்டிக்கைப் பெட்டி உடனே ஏற்றுக்கொண்டுவிட்டது, அவளுடையதை ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே மினுக்கல், பிறகு எல்லாம் அணைந்துபோயின.

"பாத்துக்கோ," என்றான் பாரி. அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பிளாஸ்திரி பிரிஞ்சிகீது. இவங்க வூட்ல இருந்து வந்தது செத்துகினு வந்துகீது. இதுக்கு மேல இன்னா வோணும் உனக்கு?"

ஜெஸ்வின் முகம் வெளுத்துவிட்டது. தன் வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை, ஷோகேஸ் மேலேயே இருந்தது என்று சத்தியம் செய்தான். வியாசர்பாடிப் பையன்கள் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். பாய் நடுவில் புகுந்து கைகளை விரித்தார்.

மகிழினி அவனையே பார்த்தாள். ஒயர்லெஸ் கேட்டவன் அவன், வைத்திருந்த வீடும் அவனுடையது. அவளுக்கு அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. அண்ணன் சொன்னதுதான் சரியோ, இத்தனை நாளும் இவனிடம் ஏமாந்துவிட்டோமோ என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"நீ பிரிச்சியா ஜெஸ்வின்? ஆமாவா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

அவன் பதில் சொல்வதற்குள் பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"எம் மவன வையாதிய. பிரிச்சது நாந்தான்."

சுகிர்தம் எழுந்து முன்னால் வந்தாள். ஷோகேஸைத் துடைக்கும்போது கை பட்டு நடு பட்டன் அமுங்கிவிட்டதாம். நாலு சிவப்பு விளக்கும் மினுக்கு மினுக்கென்று மினுக்கியதாம். தன் பிள்ளையின் சாமானும் சார்ஜ் தீர்ந்தால் மினுக்குவதைப் பார்த்திருக்கிறாள். அதனால் பிளாஸ்திரியை மெல்லத் தூக்கி, வீட்டுப் பெட்டியில் தொங்கிய ஒயரைச் செருகி வைத்தாளாம்.

"ஆட்டத்து நடுவுல அந்தப் பிள்ளைக்கு நின்னுரக் கூடாதேன்னுதான். வேற ஒண்ணுமில்ல."

அத்தாவுல்லா பாய் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அது சார்ஜுக்காக மினுக்கவில்லை, தன் பெட்டி எங்கே என்று தேடி மினுக்கியிருக்கிறது. இந்த வகை ஜாய்ஸ்டிக்கைக் கடைசியாக எந்தப் பெட்டியில் ஒயர் போட்டுச் செருகுகிறோமோ அந்தப் பெட்டியைத்தான் அது தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். கல்மண்டபத்தில் செருகியதால் இப்போது கல்மண்டபத்துப் பெட்டியைத் தேடுகிறது.

"ஒரு ராத்திரி அங்க தங்குச்சு, நம்மள மறந்துடுச்சு," என்றார் பாய். கூட்டம் சிரித்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

பாய் அதைத் தன் பெட்டியில் ஒயர் போட்டுச் செருகியதும் முதல் விளக்கு கெட்டியாக எரிந்தது. ஆனால் பாரி ஒத்துக்கொள்ளவில்லை. ஒயர்லெஸ் கதையெல்லாம் போதும், இரண்டு பேரும் ஒயர் போட்டே ஆடட்டும், ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள் என்றான். ஜெஸ்வின் மறுபேச்சு பேசாமல் தலையாட்டினான். பாய் நீளமான ஒயரும் டேப்பும் தேட உள்ளே போனார்.

மகிழினிக்கு மனசு ஆறவில்லை. தண்ணீர்கூட வாங்காதவளுக்கு இந்தக் கரிசனம் எங்கிருந்து வந்தது? பிள்ளை மாட்டிக்கொண்டதும் காப்பாற்ற ஒரு கதை கட்டுகிறாளோ? சுகிர்தம் கை கழுவப் பின்பக்கம் போனபோது அவளும் பின்னாலேயே போனாள். குழாயடியில் வேறு யாரும் இல்லை.

தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். உண்மையிலேயே நீங்கள்தான் பிரித்தீர்களா, இல்லை அவனுக்காகச் சொல்கிறீர்களா என்று.

சுகிர்தத்துக்கு மூக்கு விடைத்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, மகிழினியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொய் சொல்லணும்னா போன வாரமே வேற மாதிரி சொல்லியிருப்பேன். எனக்கு அந்த டி.வி.ல ஒண்ணும் விளங்காது. நீங்க எல்லாரும் டி.வி.யப் பாத்திய, நான் கீழ பாத்துட்டு இருந்தேன். ஒயர இழுத்தது எம் மவன் காலு இல்ல பிள்ள. பூட்ஸ் போட்ட காலு."

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது பாய் கடையின் வழக்கம். போன ஞாயிறு திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டூட்டி முடித்து, மூச்சு வாங்க ஓடிவந்து, கம்பெனி பூட்ஸோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் ஒரே ஒருத்தன்தான்.

இதை ஏன் ஒரு வாரமாகச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"ஒளிக்க என்ன இருக்கு. உங்க அண்ணனே முறிச்சு விட்டா எனக்கு வேலை மிச்சம்னு சும்மா இருந்தேன். ஆனா ஒரு வாரமா எம் பிள்ளைக்குப் போட்ட சோறு தட்டுலயே கெடக்கு. அதப் பாத்துட்டு இருக்க முடியல, கேட்டியா."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மகிழினி குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று. தோளில் தூக்கி வளர்த்த அண்ணனைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லையே!

பாரி மாடிப்படியில் தனியாக நின்றிருந்தான். அவள் இரண்டு படி மேலே நின்று நேராகவே கேட்டாள்.

"ஒயர இழுத்தது நீயாண்ணா?"

பாரி மறைக்கப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நான்தான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. ஒரு வாரம் அவனைத் திருடன் என்று ஊரே பேசியதே, நீயும் கூட நின்று பேசினாயே, பிளாஸ்திரி ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நாடகம் ஆடினாயே, அவர்கள் தண்ணீர் வாங்காததற்குப் பழி தீர்த்துக்கொண்டாயா என்று பொரிந்து தள்ளினாள். பாரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஜெஸ்வின் மேல் பழி விழுந்தபோது சும்மா இருந்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன் என்றான். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"ஒயரு கழலறதுக்கு முன்னாடியே உன் விரலு நின்னுடுச்சு மகிழு. பின்னாலருந்து பாத்துகினு இருந்தேன். பட்டன் மேல விரலு கீது, அமுத்தல. ரிங்ல எத்தினி பேரப் பாத்திருக்கேன், அடிக்கத் தெரியாதவன் யாரு, அடிக்க மாட்டேன்னு நிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

மகிழினி தன் விரல்களைப் பார்த்தாள்.

"அவன் கேட்டானா? தோத்துக் குடுன்னு?"

"இல்ல."

"அப்ப நீயாதான் குடுத்த. அவங்க ஆத்தா முன்னாடி, அவங்க ஜனம் முன்னாடி, நீயா குனிஞ்ச. எனக்குத் தாங்கல, இழுத்துட்டேன்."

படியில் யாரோ ஏறி வந்தார்கள். அவர்கள் கடந்து போகும் வரை இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மகிழினிக்கு இப்போது எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. லூசான ஒயர் என்று தனக்குத்தானே சொன்னது பொய். அன்றைக்கு ஜெஸ்வின் முகத்தில் அத்தனை ஆசையைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டுப் போகட்டும், அவன் வீட்டார் முன்னால் தலைநிமிர்ந்து நிற்கட்டும், அப்போதாவது தன்னை அவர்களுக்குப் பிடிக்கட்டும் என்று நினைத்தாள். அதை இப்போது அண்ணன் வாயால் கேட்க வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு அடிச்சு ஆடு," என்றான் பாரி. "தோத்தாலும் அடிச்சுட்டுத் தோத்துப் போ. உங்கையில அடி வாங்கிட்டும் அவன் உன்னக் கேட்டான்னா, நானே போய் அவங்க ஆத்தா காலாண்ட தட்டு வைக்கிறேன். ஒயரு விசயத்தையும் நானே சொல்லிக்கிறேன். அது என் பாடு."

உள்ளேயிருந்து பாய் கூப்பிட்டார்.

இரண்டு ஒயர்களையும் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். யார் கால் பட்டாலும் அசையாது. மகிழினி உட்கார்ந்தாள். ஜெஸ்வின் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவன் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டதில் அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்து அவள் கை ஒரு கணம் தளர்ந்தது. பிறகு டி.வி.யை மட்டும் பார்த்தாள்.

ஜெஸ்வினின் மல்யுத்தக்காரன் எட்டிப் பிடித்துவிட்டால் பிழைக்க முடியாது. ஆனால் பிடிக்க வருவதற்கு முன்னால் அவன் எப்போதும் ஒரு எட்டு பின்னால் நகர்வான். அவனுக்கே தெரியாத பழக்கம் அது. அவன் பின்னால் நகர்ந்தான், ஈட்டி பாய்ந்தது. மறுபடி நகர்ந்தான், மறுபடி பாய்ந்தது. ஒயரில் ஒரு துளி தாமதம் இல்லை. அவன் வேறு வழியில் வந்து பார்த்தான். குதித்தான், குனிந்தான். அவசரத்தில் மறுபடி பழைய பழக்கத்துக்கே போனான். அங்கே ஈட்டி காத்திருந்தது.

வியாசர்பாடிப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி விசிலடித்தார்கள். ஒரு ரவுண்டுகூட அவன் ஜெயிக்கவில்லை. பாய் மகிழினியின் கையைத் தூக்கிப் பிடித்தார். யாரோ கோப்பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். ஜெஸ்வின் எழுந்திருக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை மேஜை மேல் மெல்ல வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். கூட்டத்தின் சத்தத்தில் அவன் பேசியது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"நான் பிடிக்க வரும்போது பின்னால நகருவேன்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்லேருந்தே தெரியுமா மகி? அப்ப இத்தினி நாள் நான் உன்கிட்ட ஜெயிச்சதெல்லாம்?"

அவனிடம் ஒரு பொய் சொல்லலாம். இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று சொன்னால் நம்பிவிடுவான். அவளால் அதுவும் முடியவில்லை.

அதற்குள் பாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. பழி சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தவன், வந்த வேகத்தில் அதையும் மறந்து கையை நீட்டினான்.

"எப்ப வரலாம் உங்க வூட்டுக்கு, சொல்லு மாப்ள."

ஜெஸ்வின் அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

"உங்க தங்கச்சி எனக்கு ஒரு பதில் சொல்லணும்ணா. அப்புறமா வாங்க."

அவன் எழுந்து போனான். பின்பெஞ்சிலிருந்து சுகிர்தமும் எழுந்து, ஒன்றும் புரியாமல், பிள்ளையின் பின்னால் படியிறங்கினாள். பாரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு தங்கையிடம் குனிந்தான்.

"இன்னா பதிலு கேக்குறான்? போன வாரம் மட்டும்தான் விட்டுக் குடுத்த, இல்ல மகிழு?"

மகிழினி தலையைத் தூக்கவில்லை.